புள்ளி நாற்பத்தேழு

பெயரில்தான் ஆறு.
தொண்டைமானாற்றுக்கு மலை இல்லை, ஊற்றுக்கண் இல்லை.
மாரியில் வயல்வெளி தருவதை வாங்கிக்
கடலிடம் கொடுக்கிற நீளக் கை, அவ்வளவே.
தை மாதம், விடிய ஆறரை.
கதவுகளுக்கு இந்தப் பக்கம்
குகநேசனின் வள்ளத்தில் ஏற்றினோம்:
கார் பட்டரி, மஞ்சள் கேபிள், பதின்மூன்று மின்முனைகள்,
உப்பளக்கும் கருவி, தர்மினியின் குடை.

"கரண்ட் விடப்போறீங்களோ தண்ணிக்குள்ள?"
கொஞ்சம். ஒரு டோர்ச் பல்புக்கும் காணாது.
"மீன் சாகுமோ?"
சாகாது என்றேன்.
நம்பாமலே தாங்குகம்பை ஊன்றினான்.

முழங்கால் ஆழம். எஞ்சினுக்கு வேலையில்லை.
நூறு மீற்றருக்கு ஒருக்கா நிறுத்தச் சொல்வேன்.
தர்மினி இலக்கத்தை உரக்க வாசிப்பாள்:
முப்பத்தெட்டு. முப்பத்தேழு. முப்பத்தேழு.
பின்னால் சேற்றோடு சேறாய் இழுபடும் கேபிள்
அடிநிலத்திடம் வேறு கேள்வி கேட்டுக்கொண்டு வந்தது.

தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது.
கரைந்து கிடப்பவைதான் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகின்றன.
உப்பு, உரம், யாரோ கழுவிய வேட்டியின் சவர்க்காரம்,
சந்நிதிக் கரையில் நீராடிய ஆயிரம் உடம்புகள்.
எல்லாம் ஒரே இலக்கத்துக்குள்.
எது எவ்வளவு என்று
அந்த இலக்கம் சொல்லாது.

பத்து மணிக்கு வல்லை வெளியின் காற்று
குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது.
பூநாரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.
தேத்தண்ணிக்கு நிறுத்தினோம்.
குகநேசன் சாரத்து மடிப்பிலிருந்து
ஒரு சோடாப் போத்திலை எடுத்தான்.
"இதையும் ஒருக்காப் பாருங்கோ. வீட்டுக் கிணறு."
மூன்று புள்ளி நாலு.
குடிக்கிறீங்களோ?
"குளிக்கிறம். குடிக்க பவுசர் வரும். சிலநேரம் வராது."

கதவைத் திறந்தால் உப்பு ஏறும், றால் ஏறும், அவனுக்குச் சோறு.
மூடினால் நன்னீர் தேங்கும், அவனுடைய கிணறு இளகும்.
திறக்கச் சொல்லியும் மூடச் சொல்லியும் வந்த
இரண்டு மனுவிலும் தன் கையெழுத்து இருக்கிறதென்று
சிரிக்காமல் சொன்னான்.

நாற்பத்தாறில் இருபத்திரண்டு.
நாற்பத்தேழில்
தர்மினி வாசிக்கவில்லை.
கருவியைத் தட்டினாள், துடைத்தாள்,
நியமக் கரைசலில் முக்கிப் பார்த்தாள்.
மறுபடி அடியில் இறக்கினாள்.
ஒன்று புள்ளி ஒன்பது.
மடிக்கணினித் திரையில் அடிநிலத்தின் கோடு
மூச்சு வாங்கியதுபோல் எழும்பி நின்றது.
சுண்ணாம்புக் கல்லில் எங்கோ ஒரு பொந்து,
உப்புக்குள்ளே ஒரு கிணறு,
மூடியில்லாமல்.

குகநேசன் ஏற்கெனவே கம்பை ஊன்றிவிட்டிருந்தான்.
நான் நிறுத்தச் சொல்ல முதலே.

இந்த இடம் தெரியுமோ?
"தெரியும்."
பேர் இருக்கோ?
"இல்லை. பேர் வைச்சா எல்லாரும் வருவாங்கள்."
கோடையில் மணலை மீன் இந்த இடத்துக்குத்தான் வரும் என்றான்,
பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல்
பூநாரைகளைப் பார்த்தான்.

குழாய் போடுவார்கள். அது எனக்குத் தெரியும்.
பத்து நாளில் உறிஞ்சி, பதினோராம் நாள் உப்பாக்குவார்கள்.
அல்லது ஒன்றுமே செய்யாமல்
அறிக்கையை அலுமாரியில் வைப்பார்கள்.
தாகத்தில் இருக்கும் ஊருக்கு
இதை மறைக்கும் உரிமை எனக்கு யார் தந்தது?
அவனுக்கு யார் தந்தது?

எழுதினேன். அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம், நேரம்.
பென்சில் எழுத்துத்தான், ஆனாலும் எழுத்து.
அவன் எட்டிப் பார்த்தான்.
"என்ன பேர் போட்டிருக்கு?"
நாற்பத்தேழு.
"அது பரவாயில்லை" என்றான்.

குனிந்து ஒரு கை அள்ளி
முகம் கழுவினான்.
மேல்த் தண்ணி. இருபதுக்குக் குறையாது.
கண் எரிந்திருக்கும்.
நாற்பத்தெட்டுக்கு வள்ளத்தைத் தள்ளினான்.